உறவில்லை என்று சொன்ன பதினேழு எலும்புகள்

வேலை எதுவும் கொடுக்காமலேயே, தடயவியல் ஆய்வகக் கணினிக்குள் இருந்த அந்த அட்டையின் விசிறி சுழல ஆரம்பித்திருந்தது.

மெர்ரின் டல்லக் காதைத் தீட்டிக்கொண்டாள். பிற்பகல் மணி மூன்றுதான். ஆனால் அடிலெய்டு மலைகளில் எரியும் காட்டின் புகை ஜன்னலைச் செங்கல் நிறத்தில் அடைத்திருக்க, யூகலிப்டஸ் இலை கருகும் வாடை ஏசி வழியாகக் கசிந்து அவள் தொண்டையில் படிந்துகொண்டிருந்தது.

சக ஊழியன் டாரல் கதவருகே நின்றான்.

"மெர், எல்லாரும் கெளம்பியாச்சு. அவார்டு வாங்குன கைக்கு ஓய்வே கிடையாதா?"

"இத நீ ஓட விட்டியா?"

"நானா? அது உன் செல்லப்பிள்ளை, நீ சொன்னாத்தான் கேக்கும். சீக்கிரம் வா, ரோட்ட மூடிடப் போறாங்க."

அவன் போன பிறகும் அவார்டு என்ற சொல் அவள் காதைச் சுட்டது.

அடையாளம் தெரியாத எலும்புகளின் மரபணுவைக் காணாமல் போனவர்களின் குடும்பத்தாரோடு ஒப்பிட முன்பெல்லாம் ஒரு வாரம் ஆகும். அவள் வடிவமைத்த அட்டை ஒரு மணி நேரத்தில் முடித்தது. அதற்குத்தான் அவார்டு. அந்த வேகத்துக்காக, பொருத்தத்துக்கான மதிப்பெண் பதியும் இடத்தைக் குறுக்கியிருந்தாள். பொருத்தம் கூடிக்கொண்டே போனால் எண் அதில் கொள்ளாமல் மறுபடி பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். ரத்த உறவுதான் அப்படிப் பொருந்தும். அதைத்தான் அட்டை 'உறவில்லை' என்றது. ஆறு மாதம் கழித்துத்தான் அந்தப் பிழை அவளுக்குத் தெரிந்தது. சத்தமில்லாமல் திருத்தினாள். அதற்குள் வெளியே போயிருந்த பதினேழு முடிவுகளைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை.

ஹெஸ்டர் கான்ட் என்ற தாயிடம் அவளே நேரில் சொல்லியிருந்தாள், "அது உங்க பையன் இல்லீங்க" என்று.

"அப்ப டேனி எங்கயோ உயிரோட இருக்கான், இல்லம்மா?" கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள் ஹெஸ்டர். கிறிஸ்துமஸ் விருந்தில் அவனுக்கும் ஒரு தட்டு வைப்பதாக வருடா வருடம் கடிதம் எழுதுகிறாள். மெர்ரின் ஒன்றுக்கும் பதில் போட்டதில்லை.

திரை ஒளிர்ந்தது. அதே பதினேழு எலும்புகள். ஒவ்வொன்றின் எதிரிலும்: உறவு உண்டு.

வெட்கத்தில் உடம்பு கூசியது. கூடவே ஒரு நிம்மதி. இனி மறைக்க முடியாது.

பிறகு உறவினர் பெயரைப் பார்த்தாள்.

மெர்ரின் டல்லக். தாய்.

பதினேழிலும்.

அவள் பிள்ளை பெற்றதேயில்லை.

அழித்தாள். விரலுக்குப் பழகிய வேலை. பட்டியல் திரும்ப வந்தது. மின்கம்பியைப் பிடுங்கினாள். விசிறி நிற்கவில்லை.

ஓடினாள்.

குடும்பத்தார் காத்திருக்கும் கூடத்தைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். கதவைத் தள்ளினாள்.

நாற்காலிகள் நிரம்பியிருந்தன. மடியில் கை வைத்து, வரிசையாக, பொறுமையாக. முடியில் மண். நகக்கண்ணில் மண்.

ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

பதினேழும் அவள் முகம்.

"அம்மா," என்றது முதல் நாற்காலியில் இருந்தது, எழுந்துகொண்டே. "வீட்டுக்குப் போலாமா?"