சுவரில் ஏற்றிய முகம்

காலையில் பூவினிக்குக் காது குத்தினார்கள். மாலையில் அவள் அம்மாவின் முகத்தைச் சுவரில் ஏற்றினார்கள். செவ்வாய்க் கோளின் செம்பள்ளக் குடியிருப்பில் ஐந்து வயது முடிந்த பிள்ளைக்கு இரண்டும் ஒரே நாளில்தான். தோடும், பாடம் சொல்லித்தரும் கற்கணினியும் தாய்மாமன் சீர். மாமா கொண்டுவந்த கணினியைச் சுவரில் பதித்து, தாய் இளவேனிலின் முகத்தையும் குரலையும் அதில் ஏற்றிவிட்டு, எல்லோரும் பந்தியில் உட்கார்ந்தார்கள்.

கற்கணினியின் நன்மைகளைச் சொல்ல ஆரம்பித்தால் வாய் வலிக்கும். ஆறு மாதத்தில் பிள்ளை நான்கு மொழி பேசும். பின்னக் கணக்குக்கு விரல் மடக்காது. காற்று கசிந்தால் எந்தக் கதவை அடைக்க வேண்டும் என்று பெரியவர்களுக்கே சொல்லும். முக்கியமாக, பெற்றவர்களைத் தொந்தரவு செய்யாது. "சுவரோடு சேர்ந்த பிள்ளை சோடை போகாது" என்று அந்த ஊரில் பழமொழியே உண்டு. அம்மாவின் முகம் எதற்கு என்றால், அந்நிய முகத்திடம் பிள்ளை பாடம் படிக்காதாம். வல்லுநர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

பூவினி மட்டும் சுவரைக் கண்டாலே வீறிட்டாள். "வா செல்லம், இன்னிக்கு என்ன பண்ணினே?" என்று சுவரம்மா தேனாகக் கேட்டால், கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கினாள்.

இளவேனில் நாட்களை எண்ணத் தொடங்கினாள். மாத முடிவுக்குள் கணினியோடு ஒட்டாத பிள்ளையை மேலே, கோளைச் சுற்றிவரும் விண்கல விடுதிக்கு அனுப்பிவிடுவது குடியிருப்பின் விதி. பிறகு ஆண்டுக்கு ஒரு முறைதான் பார்க்கலாம். ஒற்றைப் பெண், அவளை அனுப்பிவிட்டு எப்படி இருப்பது? தனியாக உட்கார்ந்து அழுது தீர்த்தாள். பிறகு கணினி பழுதுபார்க்கும் எட்வினை வரச் சொன்னாள்.

எட்வின் வெகுநேரம் சோதித்தான். "பழுதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. முகம், குரல், சிரிப்பு எல்லாம் அப்படியே நீங்கதான்."

"அப்புறம் ஏம்ப்பா பேயப் பாத்த மாதிரி அலறுறா?"

"அவளையே கேட்டுருவோம்." எட்வின் கட்டிலடியில் குனிந்தான். "பாப்பா, சுவத்துல இருக்கறது யாரு?"

"தெரியாது. அம்மா மாதிரி வேஷம் போட்டுருக்கு."

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

பூவினி குரலைத் தாழ்த்தினாள். "அது என்னையே பாக்குது அங்கிள்."

"அம்மான்னா பாக்கத்தானே செய்வாங்க?"

"எங்கம்மா இப்படி." பூவினி வெளியே வந்து உட்கார்ந்து, இடது உள்ளங்கையை விரித்து, தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். வலது சுட்டுவிரல் உள்ளங்கையில் மேலும் கீழும் ஓடியது. "உம்... உம்... சொல்லு... அப்புறம்?" தலை நிமிரவே இல்லை.

செம்பள்ளத்தில் பெரியவர்கள் எல்லோருக்கும் இடது உள்ளங்கையில் திரை பதிந்திருக்கும். இளவேனில் சட்டென்று தன் கையை மூடிக்கொண்டாள். அவமானமாக இருந்தது.

"இதான் சங்கதியா!" எட்வின் சிரித்தான். "கம்பெனியில நேரா பாக்குற மாதிரி வெச்சு அனுப்பிடுறாங்க. மாத்திடலாம்." சுவரின் ஓரத்தில் எதையோ திருகினான். சுவரம்மாவின் இமைகள் மெல்லத் தாழ்ந்தன. தலை கவிழ்ந்தது. "உம்... சொல்லு..." என்றது அது, யாரையும் பாராமல்.

"அம்மா!" பூவினி ஓடிப்போய்ச் சுவரில் கன்னத்தை ஒட்டிக்கொண்டாள். பாடம் தொடங்கியது. இனி விடுதிக்குப் போக வேண்டியதில்லை. எட்வின் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

இளவேனிலுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. உள்ளங்கைத் திரையை அணைத்தாள். அதை அணைத்துப் பழக்கமே இல்லாததால் எங்கே அழுத்துவது என்று தேட வேண்டியிருந்தது. பிள்ளையருகே மண்டியிட்டு, மோவாயைப் பிடித்துத் திருப்பி, முகத்துக்கு நேராகப் பார்த்தாள். இடது புருவத்தின் மேல் ஒரு சின்ன மச்சம். இது எப்போது வந்தது?

"கண்ணு, இன்னிக்கு என்ன படிச்சே? அம்மாகிட்ட சொல்லு."

பூவினி வீறிட்டாள். கையைத் தட்டிவிட்டுச் சுவரோடு ஒடுங்கினாள்.

"அம்மா! அம்மா! இங்க பாரும்மா, அது வெளியில வந்துருச்சு!"

"உம்..." என்றது சுவர், தலை நிமிராமல். "அப்புறம்?"