கைமாறிய உப்பு

காலை ஏழு பத்து. முதல் மடக்குக் காப்பியை விழுங்குவதா துப்புவதா என்று இன்ஸ்பெக்டர் அம்மாவுக்குத் தெரியவில்லை. சர்க்கரை இருக்க வேண்டிய இடத்தில் உப்பு. பக்கத்து மேசைத் தபால்காரரோ ஆம்லெட்டை ஒரு வாய் தின்றுவிட்டு, கேட்காத இனிப்பு எங்கிருந்து வந்தது என்று விழித்துக்கொண்டிருந்தார்.

"உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்வாங்க. இவ்வளவு உப்பிட்டவர எப்படி மறக்கிறது?" என்று கோப்பையைத் தள்ளி வைத்தார் இன்ஸ்பெக்டர் அம்மா.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக அது இல்லை. இரண்டு மாதம் பூட்டிக் கிடந்து, கடன் வாங்கிப் புதுப்பித்த கடை அன்றுதான் திறந்திருந்தது. தெருவே சாப்பிட வந்திருந்தது. புகையேறிய சுவர்கள் வெள்ளையாகிவிட்டன. பழைய கல்மேடையை மட்டும் முதலாளி விடவில்லை. அப்படியே முன்னால் இழுத்துப் போட்டிருந்தார். முன்பு அதற்கு இந்தப் பக்கம் நின்று சமைத்த மாஸ்டரின் முதுகுதான் தெரியும். இப்போது அந்தப் பக்கம் நின்றதால் முகம் தெரிந்தது.

முதலாளி மேடைக்குப் பாய்ந்தார். கல்லில் பதித்த இரண்டு பீங்கான் ஜாடிகளிலும் விரல் விட்டு நக்கிப் பார்த்தார். உப்பு என்று எழுதியதில் உப்பு. சர்க்கரை என்று எழுதியதில் சர்க்கரை.

"யாரோ உள்ள இருக்கறத மாத்தி, வேல முடிஞ்சதும் திரும்ப மாத்திட்டாங்க." அவர் பார்வை சிட்டு மேல் விழுந்தது. போன வாரம்வரை எதிர்க்கடையில் வேலை பார்த்து, இப்போது இங்கே பரிமாறச் சேர்ந்த பெண். "அங்கேருந்து அனுப்பினாங்களா? கெளம்பு."

"நான் எதையும் தொடல சார். ரெண்டு கடையிலயும் வேல போனா என்னைய யாரு சேர்ப்பாங்க?"

"அவள விடுங்க. நான்தான் போட்டேன்," என்றார் மாஸ்டர், தலை நிமிராமல்.

முதலாளி அதைக் காதில் வாங்கவே இல்லை. "அடுத்தவங்க பழியத் தூக்கித் தலையில வச்சுக்கறது உங்க வழக்கம் மாஸ்டர். ருசி பாக்காமலே சமைக்கிற கை உங்களுது. அது தப்புமா?"

இன்ஸ்பெக்டர் அம்மா எழுந்து வந்தார். ஓய்வு பெற்று வருடங்கள் ஆகியும் கேள்வி கேட்கும் குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை.

"ஜாடியில எழுதினது யாரு?"

"நான்தான் மேடம்," என்றாள் சிட்டு.

"ஏன் இவ்வளவு பெருசா?"

"முடிஞ்ச அளவு பெருசா எழுதச் சொன்னது மாஸ்டர்."

"ஆர்டர் சீட்ட அவர்கிட்ட குடுக்காம எதுக்கு சத்தமா படிச்சே?"

"அவர்தான் படிக்கச் சொன்னார்."

இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு விடை கிடைத்துவிட்டது. கிடைத்ததுதான் சங்கடம். காவல் நிலையத்தில் வெறும் கான்ஸ்டபிளாக இருந்த காலத்தில், எத்தனை நேரம் கழித்து வந்தாலும் அவருக்கென்று ஒரு தட்டை மூடி வைத்திருந்தவர் இந்த மாஸ்டர். அம்மா இல்லாத ஊரில் அந்தத் தட்டுதான் அவருக்கு அம்மா. அந்த மனிதரையா காட்டிக் கொடுப்பது? ஆனால் வாய் மூடினால் இந்தப் பெண்ணின் சோற்றில் மண். இதே மாஸ்டர் அதைப் பொறுப்பாரா?

கூடத்துக்குக் கேட்காதபடி மேடையில் சாய்ந்து பேசினார்.

"முதலாளி, சமையக்கட்ட நீங்க தொறந்தில்ல வச்சிருக்கீங்க? இத்தன பேர் கண்ணு முன்னாடி ரெண்டு ஜாடியிலயும் இருக்கறத அள்ளி மாத்தி, மறுபடி அள்ளி மாத்த முடியுமா? ஜாடி மாறல. ஆள் நிக்கிற பக்கம்தான் மாறிச்சு. இத்தன காலம் இடது கைப்பக்கம் இருந்த உப்பு இன்னிக்கு வலது கைப்பக்கம் வந்துடுச்சு. கை பழசு. பழைய இடத்துக்கே போச்சு."

"எழுத்து அவ்வளவு பெருசா இருக்கே மேடம்."

"கண்ணு தெரிஞ்சாத்தானே எழுத்து. நான் உள்ள வந்ததும் நேருக்கு நேர் கையத் தூக்கினேன். அசையல. வாயத் தொறந்து காப்பி கேட்டதும்தான், 'வாங்க கான்ஸ்டபிள் அம்மா'ன்னார். மாஸ்டர் உண்மையச் சொன்னார். நாமதான் நம்பல."

மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"புரை வளந்துடுச்சு. பழைய இடத்துல கையே கண்ணா இருந்துச்சு, சமாளிச்சேன். கடன் வாங்கிக் கட்டற மனுஷன்கிட்ட போய் கண்ணு போச்சுன்னு எப்படிச் சொல்றது? வீட்டுக்குப் போன்னு சொல்லிட்டா?"

முதலாளி மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்கப்பா போனப்புறம் இந்தக் கடைய நடத்தினது நீங்க. என்னப் படிக்க வச்சது இந்த அடுப்பு. உங்கள நான் வீட்டுக்கு அனுப்புவேனா? ஆஸ்பத்திரிக்கு வேணா அனுப்புவேன்." பிறகு சிட்டுவிடம் திரும்பி, எல்லோர் காதிலும் விழும்படி, "தப்பு என்னுதும்மா. மன்னிச்சுக்க," என்றார்.

"நாளைக்கு நான் கூட்டிட்டுப் போறேன். புரைக்கெல்லாம் இப்ப வைத்தியம் சுலபம்," என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா. நன்றி என்று நேராகச் சொல்ல அவருக்கு வரவில்லை. "எனக்கு மூடி வச்ச தட்டுக்கு வேற என்னதான் பண்றது மாஸ்டர்?"

சிட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜாடிகளின் பக்கம் போய் நின்றாள். "அதுவரைக்கும் நீங்க கேளுங்க மாஸ்டர், நான் எடுத்துத் தரேன்."

மாஸ்டர் அவள் குரல் வந்த திசையில் திரும்பினார். "எனக்காகத் திட்டு வாங்கின பொண்ணு. உன் முகம் எப்படி இருக்கும்னுகூட எனக்குத் தெரியாதும்மா."

"சுமாராத்தான் இருப்பேன்," என்றாள் சிட்டு. "ஆஸ்பத்திரி போயிட்டு வந்து பாருங்க."