சரண்யா வீட்டு விளக்கு

எந்த ஊருக்குப் போய் எப்பேர்ப்பட்ட மெத்தையில் படுத்தால்தான் என்ன, இருட்டில் கையை நீட்டியதும் தானாக விரலில் தட்டுப்படும் நம் வீட்டு ஸ்விட்சுக்கு ஈடாகுமா? ஆபீஸ் பயிற்சி என்று ஒரு கோடை முழுக்க ஹைதராபாத் ஹாஸ்டல் சாம்பாரைத் தின்று அலுத்த சரண்யாவுக்கு, மயிலாப்பூர் குளம் கண்ணில் பட்டதுமே பாதி உயிர் திரும்பிவிட்டது. ஒரு குளியல், தன் டம்ளரில் காபி, தன் தலையணை. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஆட்டோ நின்றபோது அந்தி மங்கிக்கொண்டிருந்தது. மாடிப்படி அடியில் பூக்கட்டிக்கொண்டிருந்த தங்கம் அக்கா நிமிர்ந்தாள்.

"இன்னாம்மா, துரும்பா எளச்சி வந்துகீற? அந்த ஊர்ல சோறே போடலியா?"

"சோறா அது? விடுங்கக்கா. வீட்டுக்கு வந்தாச்சு."

"உன் வூட்டுக்கு இன்னா கொறை? டெய்லி வெளக்கு வெக்கற நேரத்துக்கு டாண்ணு வெளக்கு எரியுது. யாரு, உன் அத்தையா? மூஞ்சியே காட்ட மாட்டேங்குது."

"யாரும் இல்லையேக்கா. சாவி என்கிட்டதானே இருக்கு?"

"சும்மா சொல்லாத. போறப்ப வாசல்ல நின்னு உள்ள யார்கிட்டயோ சொன்னியே. நான் கேட்டுக்கினுதான இருந்தேன்."

சரண்யாவுக்கு அது நினைவு வந்தது. தனியாக இருப்பவள்தான், ஆனாலும் பூட்டுமுன் காலி வீட்டைப் பார்த்து 'போயிட்டு வரேன்' என்று சொல்லாமல் படி இறங்கமாட்டாள். அன்று ரயிலுக்கு ஓடும் அவசரம். அந்தியில் வீடு இருண்டு கிடக்குமே என்ற உறுத்தல் வேறு. விளையாட்டாக இன்னொன்றும் சொல்லிவைத்தாள்.

'யாராவது இருந்தா விளக்கேத்தி வெச்சுக்கோங்கப்பா.'

அக்கா எதிர்வீட்டு வெளிச்சத்தைப் பார்த்திருப்பாள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு படியேறினாள். பூட்டு பூட்டியபடிதான் இருந்தது. கதவைத் திறந்தால் அடைத்துக்கிடந்த புழுக்கம் அல்லவா வர வேண்டும்? வந்தது நல்லெண்ணெய் வாசனை. கருகிய திரி வாசனை.

தரையில் ஒரு பொட்டு தூசி இல்லை. சாமி மாடத்தில் சுடர் அசையாமல் நின்றது. தலையணையின் நடுவே ஒரு குழி. தொட்டாள்.

சூடாக இருந்தது.

அவள் டம்ளரின் அடியில், ஆறாத காபி.

காற்றே இல்லை. விளக்கு அணைந்தது.

பழகிய கை தானாகச் சுவரில் ஸ்விட்சைத் தேடிப் போனது.

அங்கே ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

எண்ணெய்ப் பிசுக்கோடு, ஸ்விட்சை மூடிக்கொண்டு.

"யாரு?"

கேட்டது சரண்யா அல்ல. முன்பின் தெரியாதவள் உள்ளே நுழைந்துவிட்டால் வீட்டுக்காரி கேட்பாளே, அந்த எரிச்சல் அந்தக் குரலில் இருந்தது.

"இது... என் வீடு."

"ஏத்தச் சொன்ன. ஒரு நாள் விடாம ஏத்துனேன். நீ எங்க இருந்த?" காதோரம் மூச்சு சுட்டது. "போ."

போயிட்டு வா என்று சொல்லவில்லை. வெறும் போ.

செருப்பைக்கூட மாட்டாமல் அவள் படியில் உருண்டு புரண்டு இறங்கும்போதே, மேலே உள்தாழ்ப்பாள் விழுந்தது. தங்கம் அக்கா பூவைக் கீழே போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தாள். ஜன்னலில் விளக்கு மறுபடி எரிந்தது.

சரண்யா அதன்பின் அந்தப் பக்கமே போகவில்லை. இப்போது அடையாறில் ஒற்றை அறை. புது டம்ளர், புதுத் தலையணை. கைக்கும் புது ஸ்விட்ச் மெல்லப் பழகிவிட்டது. கிளம்பும்போது மட்டும் வாயே திறப்பதில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு பூட்டுகிறாள்.

நேற்றுக் காலை அப்படித்தான் சாவியைத் திருப்பினாள். உள்ளிருந்து, கதவில் வாயை வைத்துப் பேசுவது போல ஒரு கிசுகிசுப்பு.

"சொல்லாமயே போறியா? பரவால்ல. விளக்கு நான் ஏத்திடறேன்."