கைகோக்க ஆளில்லாத இக்சாமா

இக்சாமாவுக்கு அந்த ஊரில் எல்லோருமே சொந்தம்தான். அதுதான் வம்பே.

அப்பா இறந்தபின் அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு தன் பிறந்த ஊருக்கே வந்துவிட்டாள். அங்கே வீட்டுக்கு வீடு குரும்பாங் குலம். எந்தப் பையனைப் பார்த்தாலும் மாமன் மகன். அவர்கள் வழக்கத்தில் மாமன் மகனும் அண்ணன் தம்பி முறைதான். நேபாளத்து லிம்பு மக்களின் நெல் நடனத்தில் பையனும் பெண்ணும் கைகோத்து ஆடுவார்கள்; ஆனால் சொந்தக்காரரோடு கைகோக்கவே கூடாது. முதலில் குலம் கேட்பார்கள். பிறகுதான் கை நீட்டுவார்கள்.

அன்று ஊரில் கல்யாணம். மலைக்கு அந்தப் பக்கமிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். கைகோக்க வெளியூர்ப் பையன்கள் வந்துவிட்டார்களே! ஆனால் வந்தவர்கள் எல்லாம் மாதேன் குலம். இக்சாமாவின் அப்பாவும் மாதேன்தான். போச்சு!

அறுவடை முடிந்த வயலில் ஆட்டம் தொடங்கியது. பெரியவர்கள் மேல் வயலில், சிறுவர்கள் கீழ் வயலில். இக்சாமா வரப்பில் உட்கார்ந்து எல்லோருடைய செருப்புக்கும் சால்வைக்கும் காவல் இருந்தாள். யாரும் அவளைத் திட்டவில்லை, விரட்டவில்லை. யாருக்கும் அவள் ஞாபகமே இல்லை, அவ்வளவுதான். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது ஒரு வெளியூர்ப் பையன் அவள் முன்னால் வந்து நின்றான். பெயர் லாஜெஹாங் என்றான்.

"நீ ஆடலையா? நீயும் குரும்பாங்தானே?" என்று கையை நீட்டினான்.

அவளிடம் யாரும் இப்படிக் கை நீட்டியதே இல்லை. பக்கத்தில் மூச்சு வாங்க நின்ற மாமன் மகள் சுஹாங்மா காதைக் கடித்தாள். "ஆமான்னு சொல்லுடி. யாருக்குத் தெரியப்போகுது?"

இக்சாமாவின் கை பாதி தூரம் போய்விட்டது. ஆனால் விஷயம் தெரிந்தால் பாவம், இவனை அவன் ஊரில் கேலி செய்தே கொன்றுவிடுவார்களே. அதோடு, வேறு குலம் என்று சொன்னால் அப்பாவையே இல்லை என்று சொன்ன மாதிரி ஆகாதா? கையை இழுத்துக்கொண்டாள்.

"இல்ல. நானும் மாதேன்தான். எங்கப்பா மாதேன்."

சுஹாங்மா தலையில் அடித்துக்கொண்டு ஆடப் போய்விட்டாள். இவனும் போய்விடுவான் என்று இக்சாமா தலை குனிந்துகொண்டாள். வரிசையிலிருந்து இரண்டு பெண்கள் அவனைக் கூப்பிட்டார்கள். அவன் போகவில்லை. வரப்பில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தான்.

"அப்ப நீ எனக்கு அக்காவா, தங்கச்சியா?"

வயதைச் சொல்லிப் பார்த்தார்கள். அவள்தான் மூத்தவள்.

அப்பா போனபிறகு அப்பா வழியில் ஒருவரையும் அவள் பார்த்ததில்லை. இப்போது ஒரு தம்பியே வந்து உட்கார்ந்திருக்கிறான். என்ன பேசுவதென்றே அவளுக்குத் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்திருந்தது.

"அக்கா, பசிக்குது. சோறு எங்க போடுறாங்க?"

ஆட்டத்தில்தானே கைகோக்கக் கூடாது? தம்பியைச் சோற்றுக்கு இழுத்துக்கொண்டு போனால் யார் என்ன சொல்லப்போகிறார்கள்?

"வாடா," என்று அவன் கையைப் பிடித்து எழுப்பினாள் இக்சாமா.