ஜிபெக் கொடுத்த முட்டை

கோழிகளுக்குத் தினமும் காலையில் தண்ணீர் வைப்பது பத்து வயது ஜிபெக்கின் வேலை. வெறும் தண்ணீர் இல்லை. மஞ்சள் நிற மருந்துப் பொடி கலந்த தண்ணீர்.

அந்தப் பொடியைச் சந்தையில் விற்றவன் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தான். கோட்டு போட்டால் டாக்டரா? கறிக்கடைக்காரனும்தான் போடுகிறான். ஆனால் ஜிபெக்கின் அப்பா நம்பிவிட்டார்.

“நோய் வந்த பிறகு மருந்து குடுத்து என்ன புண்ணியம்? முன்னாடியே குடுங்க அண்ணே. ஒரு கோழிகூடத் தும்மாது!” என்று அவன் சொல்லியிருந்தான்.

ஜிபெக் பொட்டலத்தை விரல் வைத்துப் படித்தாள். “அப்பா, நோயில்லாத கோழிக்குக் குடுக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. இதைக் குடுக்கிற நாள்ல முட்டையும் தின்னக் கூடாதாம்.”

“அச்சடிச்சவன் என்னைக்காவது கோழி வளர்த்திருக்கானா? போ, போய்க் கலக்கு.”

கலக்கினாள். கோழிகள் தும்மவில்லை. அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

வசந்தப் புத்தாண்டான நவ்ரூஸ் பண்டிகை வந்தது. பக்கத்து வீட்டுப் பையன் அதிலெத் மேடையில் பாட வேண்டும். பாடிப் பாடிப் பழகியதில், முதல் நாள் மாலை அவன் தொண்டை கட்டிக்கொண்டது.

“என்னடா, தவளை முழுங்கிட்டியா?” என்றாள் ஜிபெக்.

“சிரிக்காதே! நாளைக்கு மானம் போகப் போகுது.”

அந்த ஊரில் தொண்டை கட்டினால் ஒரே வைத்தியம்தான். பச்சை முட்டையைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்துக் குடிப்பார்கள். ஜிபெக் கூட்டுக்குள் கைவிட்டு, அப்போதுதான் இட்ட முட்டை ஒன்றை எடுத்தாள். ஓட்டில் எச்சம் ஒட்டியிருந்தது. பாவாடையில் துடைத்தாள், உடைத்தாள், அடித்தாள். அதிலெத் மடமடவென்று குடித்து, மேலுதட்டு நுரையை நக்கிக்கொண்டான்.

மறுநாள் அவன் நன்றாகவே பாடினான். “எல்லாம் என் முட்டை!” என்று ஜிபெக் சொல்லாத ஆள் இல்லை. பாடிய களைப்பில் அவன் கோதுமைக் களி இரண்டு கிண்ணம் தின்றான்.

அன்று இரவே வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கின. உடம்பு அடுப்பாய்க் கொதித்தது. விடிவதற்குள் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

தெருக்குழாயடியில் வாய்கள் சும்மா இருக்குமா?

“ரெண்டு கிண்ணம் களி! பண்டிகைக் களின்னா பாட்டுக்காரருக்கு மட்டுமா?”

“வீட்ல சோறு போடுறாளோ இல்லையோ!”

பிள்ளைக்குத் துணி எடுக்க வந்து, வாளியோடு குழாயடிக்கு வந்த அதிலெத்தின் அம்மா சோனுன் எல்லாவற்றையும் கேட்டாள். தலையைக் குனிந்துகொண்டு, பாதி வாளியோடு திரும்பிப் போனாள்.

ஜிபெக்கும் அங்கேதான் நின்றிருந்தாள். பொட்டலத்தில் படித்த வரி நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் மட்டும் சொன்னாள்.

அப்பாவின் முகம் கறுத்தது. “வெளியில மூச்சு விடாதே. அப்புறம் நம்ம முட்டையை நாய்கூட மோந்து பார்க்காது.”

மூன்றாம் நாள் மறுபடியும் மாற்றுத் துணி எடுக்க ஊருக்கு வந்த சோனுன், ஜிபெக் வீட்டு வாசலில் வந்து நின்றாள். தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தது.

“ஊசி போட்டுக்கிட்டேதான் இருக்காங்க ஜிபெக்கு. காய்ச்சல் இறங்கவே மாட்டேங்குது. என்ன தின்னான்னு டாக்டர் கேட்டாங்க. களின்னு சொன்னேன்.”

“முட்டை குடிச்சதைச் சொல்லலையா அத்தை?”

“அது மருந்தாச்சே! சாப்பாட்டுக் கணக்குலயா வரும்? அதான் கேட்க வந்தேன். பிள்ளைக்குத் தொண்டை வறண்டு கிடக்கு. இன்னொரு முட்டை குடும்மா. நீ அடிச்சுக் குடுத்தாதான் நல்லா இருக்குங்கிறான்.”

உள்ளேயிருந்து அப்பா இருமினார். பேசாதே என்று சொல்லும் இருமல்.

ஜிபெக்கின் காது மடல் எரிந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“வேண்டாம் அத்தை. எங்க முட்டைதான் அவனைப் படுக்கப் போட்டிருக்கும்னு நினைக்கிறேன். கோழிக்கு மருந்து கலக்கிக் குடுத்தோம். முட்டையைத் தின்னக் கூடாதுன்னு எழுதியிருந்துச்சு. நான் படிச்சேன். படிச்சுட்டும் குடுத்தேன்.”

சோனுன் திரும்பி விடுவிடுவென்று வண்டியை நோக்கி நடந்தாள். திட்டியிருந்தால்கூட நன்றாயிருக்கும்.

ஜிபெக் பொடிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே ஓடி வண்டியில் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதைத் தினமும் குடுத்தீங்களா?”

“தினமும். நான்தான் கலக்குவேன்.”

“இந்த மருந்தோட இனத்தைத்தான் இவனுக்கும் ஊசியில ஏத்திக்கிட்டிருக்கோம். கோழி எச்சத்துல ஒரு கிருமி இருக்கும். கோழி தினமும் இதையே குடிச்சா, சாகிற கிருமி செத்துப்போகும். சாகாதது பெருகிடும். அப்புறம் இந்த மருந்துக்கு அது எங்கே அசையப் போகுது? பச்சை முட்டையில ஏறிக்கிட்டு இவன் வயித்துக்குள்ள வந்திருக்கும்.” நர்ஸைத் திரும்பிப் பார்த்தார். “மருந்தை மாத்துவோம்மா.”

கட்டிலில் கிடந்த அதிலெத்தின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஜிபெக்கால் அவனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மாற்றிய மருந்து கேட்டது. இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அதிலெத் சூடான கஞ்சி கேட்டான். அதைக் கொடுத்ததும் உப்பில்லை என்று சண்டை போட்டான்.

ஊரில் அப்பா இரண்டு நாள் ஜிபெக்கிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவரே எழுந்து கோழிகளுக்கு வெறும் தண்ணீர் வைத்தார். முட்டை கேட்டு வந்தவர்களிடம் “இப்போதைக்கு விக்கிறதில்லை” என்று சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அதிலெத் வீடு திரும்பிய நாள், ஜிபெக் வாளியோடு குழாயடிக்குப் போனாள். அதே வாய்கள், அதே பேச்சு.

“வந்துட்டானா சாப்பாட்டு ராமன்?”

சோனுன் வரிசையில் தலை குனிந்து நின்றாள்.

“அதிலெத் ஒண்ணும் பெருந்தீனிக்காரன் இல்லை!” ஜிபெக்கின் குரல் கீச்சென்று வந்தது. “களியால வரலை. நான் குடுத்த பச்சை முட்டையால வந்துச்சு. எங்க வீட்டு முட்டை. யாராவது வாங்கி வச்சிருந்தா, தயவுசெஞ்சு தின்னாதீங்க.”

ஒருத்தி தன் வாளியை ஓரமாக நகர்த்தி வழிவிட்டாள். அழுதுவிடக் கூடாது என்று ஜிபெக் வாளியை அவசரமாக நிரப்பினாள். அது தூக்க முடியாமல் கனத்தது.

சோனுன் அருகில் வந்தாள். வாளிப் பிடியின் ஒரு பக்கத்தைப் பற்றினாள்.

இருவரும் தண்ணீர் சிந்தாமல் தெருவில் நடந்தார்கள்.