சும்மாநெறி தோன்றிய விதம்

செங்கமலத்தின் காதுக்குப் பின்னால் பதிந்திருந்த கடுகு தொண்ணூற்றொரு துளி காட்டிய நேரத்தில், அவள் ஒன்றுமே செய்துகொண்டிருக்கவில்லை. தூத்துக்குடி உப்பளச் சாலையின் எடைமேடையில் ஒரு லாரியை நிறுத்து அனுப்பியாயிற்று. அடுத்த லாரி வரப் பதினோரு நிமிடம் இருந்தது. அந்தப் பதினோரு நிமிடமும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவ்வளவுதான்.

சென்னையில், கசிவு வாரியத் தலைமையகத்தில், சங்கு ஊதியது.

கடுகு என்று ஜனங்கள் சொன்னது கடுகளவே இருந்த கசிவுமானியை. காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் தன் மாமனாரின் குறட்டைக்கு வழி தேடப் போய்க் கண்டுபிடித்தது அது. மூளையில் ஒரு மூலை ஓயாமல் ‘நான், நான்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறதாம். மனிதன் தன்னை மறந்து உருகும்போது அந்த மூலை வாயை மூடுகிறது. எவ்வளவு மூடியது என்பதைக் கடுகு துளிக்கணக்கில் சொல்லிவிடும். மாமனாரின் குறட்டை கடைசிவரை நிற்கவில்லை. ஆனால் பக்தியை நிறுக்க ஒரு தராசு கிடைத்துவிட்டது.

எல்லா மதத்தாரும் முதலில் மகிழ்ந்துதான் போனார்கள். பிறகு அளவு வந்தது. ஒரு தேரோட்டத்தில் இரண்டு லட்சம் பேர்; சராசரி அரைத்துளிக்கும் கீழே. அன்றைய உச்சம் எட்டுத் துளி. அது காணாமல் போன செருப்பைத் திரும்பக் கண்டெடுத்தவருடையது. சர்ச்சிலும் பள்ளிவாசலிலும் செருப்பு வரைக்கும் இதே கதைதான். மூன்று தரப்பாரும் வாழ்நாளில் முதன்முறையாக ஒரே மேடையில் ஏறி, கருவி பழுது என்று கூட்டறிக்கை விட்டார்கள். ஜனங்கள் கருவியைத்தான் நம்பினார்கள். ‘எனக்கு மதம் கிடையாது, ஆன்மீகம்தான்’ என்பது முதலில் நாகரிகப் பேச்சாயிற்று. அப்புறம் விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டமாயிற்று. அப்புறம் அந்தக் கட்டத்தைக் கவனிக்க வாரியம் வந்தது. கடுகு பதியாத ஆளுக்கு ரேஷனும் கிடையாது, பஸ் டிக்கெட்டும் கிடையாது.

செங்கமலத்துக்கு மதம் என்று ஒன்று வாய்க்கவே இல்லை. அப்பா வீட்டார் சர்ச்சுக்குப் போகிறவர்கள். அம்மா வீட்டாருக்கு அம்மன் கோயில். குழந்தைக்கு எங்கே வைத்துக் காது குத்துவது என்று இரு வீட்டாரும் போட்ட சண்டையில், காது குத்தாமலே வளர்ந்தாள். கடைசியில், சங்கு ஊதுவதற்கு ஒரு வாரம் முன்னால், அதே காதில் அரசாங்கம் குத்திவிட்டது.

பத்தொன்பது வயதில் உப்புக் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அவளுக்கு ‘அது’ முதலில் வந்தது. யாரோ பக்கத்தில் வந்து, ஒன்றும் பேசாமல், ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டுப் போகிற மாதிரி. அதற்கு அவள் பெயர் வைக்கவில்லை. இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்த புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. அவர் செத்த வாரத்தில் அது தினமும் வந்தது. இப்போது ஐம்பத்தொரு வயதில், தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது.

மறுநாள் காலையில் வாரியத்தின் வேன் வந்தது. ஆய்வாளர் சுகிர்தராஜ் இறங்கினான். முப்பது வயது, ஒழுக்கமான பையன், கையில் குறிப்பேடு.

“யக்கா, நேத்து மத்தியானம் என்ன செஞ்சிய?”

“ஒண்ணும் செய்யலையே.”

“ஏதாவது மந்திரம், ஜெபம்?”

“லாரி வரல. சும்மா இருந்தேன்.”

“சும்மான்னா எப்படி? இருந்து காட்டுங்க.”

உட்கார்ந்து காட்டினாள். சுகிர்தராஜ் சுற்றிச் சுற்றி வந்து குறித்துக்கொண்டான். ஸ்டூலுக்கு ஒரு கால் கட்டை. அடியில் மடித்த அட்டை. முகம் வடமேற்கே. உப்பின் வெளிச்சம் கூசுவதால் கண் பாதி மூடியிருந்தது. இடது காலில் செருப்பு உண்டு, வலது காலில் இல்லை.

“வலது செருப்பை ஏன் கழட்டினிய?”

“கால் ஆணி வலிக்கி.”

‘வலி’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டான்.

நிறுவைக்கு வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிய டிரைவர் பேச்சிமுத்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றான். “சார், அந்த அக்கா டீயில பாதிய மிச்சம் வச்சிருவாவ. அதையும் எழுதிக்கிடுங்க.”

கேலிக்குத்தான் சொன்னான். அதுவும் ஏட்டில் ஏறியது.

இரண்டே வருஷத்தில் நாட்டில் பதினோராயிரம் சும்மா மன்றங்கள். உறுப்பினர்கள் வடமேற்கே பார்த்துக் கட்டைக்கால் ஸ்டூலில், ஒற்றைச் செருப்போடு, பாதி டீயை மிச்சம் வைத்துப் பதினோரு நிமிடம் உட்கார்ந்தார்கள். குளிரூட்டிய கூடங்களில் கண் கூசுவதற்கென்று பளீர் விளக்குகள் மாட்டினார்கள். கால் ஆணி இல்லாதவர்கள் செருப்புக்குள் கல் போட்டுக்கொண்டார்கள். கட்டைக்கால் முன்னாலா பின்னாலா என்பதில் தகராறு வந்து, திருச்சியில் ஸ்டூலாலேயே அடித்துக்கொண்டார்கள். மன்றங்களின் சராசரி, அரைத்துளிக்கும் கீழே.

எடைமேடையைச் சுற்றிக் கம்பிவேலி போட்டு, வெளியே ஜனம் உட்கார்ந்துகொண்டது. அவள் தும்மினால் குறித்துக்கொண்டார்கள். அது வருவதற்கு இடமே இல்லை.

செங்கமலம் தங்கை வீட்டுக்கென்று கோவில்பட்டி பஸ் ஏறினாள். எட்டயபுரம் தாண்டியதும், காற்றில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்திருந்தபோது, சத்தமில்லாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது அது. நாற்பது துளி. வாரியத்தின் வேன் பஸ்ஸை மறித்தது. பதினேழாம் நம்பர் சீட்டைக் கழற்றி அருங்காட்சியகத்துக்கு எடுத்துப் போனார்கள். அதே சீட்டில் அவளை ஒட்டி உட்கார்ந்திருந்தவர் கோவில்பட்டி வரை நின்றுகொண்டே போனார்.

அடுத்தமுறை அரசு ஆஸ்பத்திரியில். மூட்டுவலி மாத்திரைக்கு வந்தவள், சிறுநீரகப் பிரிவின் முன்கூடத்தில் பெஞ்சில் இருந்தாள். பக்கத்தில் சந்தனம் என்று ஒருத்தி. வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்க வருகிறவள். பேச்சு ஓய்ந்து இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அது வந்தது. அறுபத்தாறு துளி. மூன்றாம் நாள் முன்கூடத்துக்குப் பூட்டு போட்டு, ‘அறுபத்தாறாம் இடம்’ என்று பலகை மாட்டினார்கள். நோயாளிகளை சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்கு மாற்றினார்கள்.

மாத்திரை வாங்க மறுபடி போனபோது, சந்தனம் கொட்டகையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தது.

“உனக்கு என்னமோ வந்துச்சாமே. அதுக்கு எங்களை வெளிய தள்ளிட்டானுவ. நல்லா இருப்பியா நீ.”

செங்கமலம் நேரே சுகிர்தராஜிடம் போய்க் கடுகை எடுத்துவிடச் சொன்னாள்.

“எடுத்தா நீங்க கணக்குலயே கிடையாதுக்கா. நான் உங்களை எங்கேன்னு தேட?”

அன்றிலிருந்து அவள் அதை உள்ளே விடுவதில்லை என்று முடிவு செய்தாள்.

வருவது அவளுக்கு முன்கூட்டியே தெரியும். பிடரியில் லேசாகக் குளிரும். உடனே ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்ல ஆரம்பிப்பாள். ஓரேழு ஏழு. ஈரேழு பதினாலு. பள்ளிக்கூடத்தில் ஏழாம் வாய்ப்பாடுதான் அவளுக்குக் கடைசிவரை தகராறு. அதனால் மனசு முழுக்க அதிலேயே போய்விடும். முதல்முறை, அது வாசலில் நிற்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. நெடுந்தூரம் வெயிலில் நடந்து வந்தவரை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துவது போல இருந்தது. ஆறேழு நாற்பத்திரண்டு என்று சொல்லும்போது குரல் உடைந்தது. ஏழேழில் அது போய்விட்டது.

இப்படி ஒரு வருஷம். முதலில் வாரம் ஒருமுறை வந்தது. பிறகு மாதம் ஒருமுறை. பிறகு வரவில்லை.

புதிதாக ஒரு துளியும் காட்டாத பெண்ணைச் சுற்றி ஜனத்துக்கு என்ன வேலை? கூட்டம் கலைந்தது, வேலியைக் கழற்றினார்கள். செங்கமலம் எடைமேடைக்குத் திரும்பினாள். முதல்நாள் மத்தியானம், அடுத்த லாரிக்கு நேரம் இருந்தது. சுற்றிலும் யாரும் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, வாய்ப்பாடு சொல்லாமல், காத்திருந்தாள்.

வரவில்லை.

மறுநாளும் இருந்தாள். மூன்று மாதம் இருந்தாள். வெறும் உப்பு, வெறும் வெயில். ஒருநாள், “நான் உன்னை வேண்டாம்னு சொல்லல. அவனுவளுக்குப் பயந்துதான்” என்று வாய்விட்டே சொல்லிப் பார்த்தாள். லாரி வந்துவிட்டது. எழுந்து போய் நிறுத்தாள்.

நான்காம் மாதம் சுகிர்தராஜ் ஓட்டமும் நடையுமாக வந்தான். கண்ணெல்லாம் பூரித்திருந்தது.

“யக்கா! சுத்த சூனியம்!”

“எது?”

“உங்க கடுகு. தொண்ணூறு நாளா பூஜ்யம். மனுசனுக்குப் பூஜ்யமே வராது. ஜெயில்ல தூங்குத கொலைகாரனுக்குக்கூடக் கால் துளி இருக்கு. இந்தத் துளி, கசிவு எல்லாம் சின்னப்புள்ளை விளையாட்டுன்னு இப்பந்தான் வாரியத்துக்குத் தெரிஞ்சிருக்கு. நிறைஞ்சா ஒழுகத்தானே செய்யும். நீங்க காலியாவே ஆயிட்டிய. நாடே உங்களைப் பாத்துக்கிட்டு இருக்கு.”

“இது அப்படி இல்ல தம்பி.”

“எப்படிச் செஞ்சிய? அதை மட்டும் சொல்லுங்க.”

அவளுக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை. “வரவிடாம அடிச்சேன். ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிச் சொல்லி அடிச்சேன். போயிட்டு. இனிமே வராது.”

சுகிர்தராஜ் ஏட்டைத் திறந்தான். “சத்தமாவா, மனசுக்குள்ளயா?”

செங்கமலம் அவனைப் பார்த்தாள். அவன் பேனா தயாராக இருந்தது. சாலையில் அவனுக்குப் பின்னால் இரண்டு வேன் வந்து நின்றது. கம்பிச் சுருள்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். எந்த வாசலிலும் நின்று யாரையும் கும்பிட்டு அறியாதவள், ஐம்பத்துநாலு வயதில் முதல்தடவையாக இரண்டு கையையும் சேர்த்து நெஞ்சுக்கு நேராகத் தூக்கினாள்.

“உங்களுக்குப் புண்ணியமாப் போகும். என்னை விட்ருங்க. போயிருங்க.”

சுகிர்தராஜ் பேச்சை நிறுத்தி அந்தக் கைகளை உற்றுப் பார்த்தான். கொஞ்சம் குனிந்து, விரல்களைப் பக்கவாட்டிலிருந்தும் ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

பிறகு எழுதினான்: வலது கட்டைவிரல் இடதுக்கு மேலே.