குடத்துக்குள் திருவாதிரை

குடத்துத் தண்ணீரில் சிவப்பாக ஒரு புள்ளி மின்னியதைக் கண்டதும் கமலாசனிக்குப் புருஷன் மேல்தான் கோபம் வந்தது.

"இஞ்சருங்கோ, நேற்று வேய்ஞ்ச கூரையில இண்டைக்கே ஓட்டை. திருவாதிரை குடத்துக்க தெரியுது!"

வயல் காவலுக்குப் புறப்பட்ட அப்புத்துரை வாசலில் நின்று சிரித்தான். "நட்சத்திரத்தையே வீட்டுக்க கொண்டந்து தந்திருக்கிறன், பிறகென்ன? விடிய அடைக்கிறன். பிள்ளைக்குத் தண்ணியைக் குடும். விடாய்க்க விடக்கூடாதெண்டு ஓமந்தைப் பரியாரியார் மருந்து தரேக்க சொன்னவரெல்லே."

அவனுடைய சைக்கிள் சத்தம் குளக்கட்டுப் பக்கமாகத் தேய்ந்து மறைந்தது. புதுக் குடியேற்றத்தில் அடுத்த வீடு இரண்டு வயல்களுக்கு அப்பால் இருந்தது.

கூரையின் புதுக் கிடுகோலை மணமும் குப்பி விளக்கின் புகையும் கலந்து அடைத்துக் கிடந்த அந்த ஒற்றை அறையில், காய்ச்சலில் கிடந்த நாலு வயது மகள் ராசேஸ்வரியின் மூச்சு, காய்ந்த ஓலையில் ஏதோ ஊர்வதுபோல் ஏறியும் இறங்கியும் கேட்டுக்கொண்டிருந்தது. கமலாசனி செம்போடு குடத்தருகே குனிந்தாள். புள்ளி இப்போது மஞ்சாடி விதையளவு பெருத்திருந்தது.

குடத்தை மூலைக்கு நகர்த்தினாள். புள்ளி தண்ணீரின் நடுவிலேயே நின்றது. விளக்கின் வெளிச்சம்தான் விழுகிறதோ என்று விளக்கை ஊதி அணைத்தாள்.

இருட்டில் அது இன்னும் சிவந்தது. பெருத்தது. சுருங்கியது. மகளின் மூச்சோடு சேர்ந்து.

செம்பை அங்கேயே போட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடினாள். கிழக்கே, பாலை மரத்துக்கு மேலே, வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில், சின்ன வயதிலிருந்து அவள் பார்த்துவந்த அந்தச் சிவப்புத் திருவாதிரை இல்லை. அந்த இடம் வெறும் கறுப்பு.

உள்ளே செம்பு குடத்தில் முட்டியது.

மடக். மடக்.

"ராசேஸ்! குடியாதை!"

பாய்ந்து உள்ளே வந்தாள். குடத்துத் தண்ணீர் கறுத்துக் கிடந்தது. பிள்ளை செம்பைப் பிடித்தபடி எழுந்து நின்றாள். அவளுடைய தொண்டைத் தோலுக்குள் சிவப்பாக ஒன்று மெல்ல இறங்கியது. நெஞ்சில் வந்து நின்றது.

"இன்னும் விடாய்க்குதம்மா."

ஒரு மூச்சு. அது பெருத்தது. இன்னொரு மூச்சு. அறை சிவந்தது.

சின்ன விலா எலும்புகளின் நிழல் மண்சுவரில் ஏறி, கூரையெங்கும் கறுப்புக் கம்பிகளாக விரிந்தது. அந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு கிடுகும் தெளிவாகத் தெரிந்தது.

எங்கும் ஓட்டை இல்லை.